யார் போட்ட பனியன்?

யசோதராவின் பெயருக்கு எதிரே முப்பத்தொன்று என்று இருந்தது.

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில், தட்டு கழுவும் தொட்டிக்கு மேலே மாட்டியிருந்த திரையில் மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியல் வரும். நொய்யல் மகளிர் கால்பந்து அணியின் பதினெட்டுப் பெயர்கள், பக்கத்தில் பதினெட்டு எண்கள். யார் எத்தனை கோல் அடித்தார்கள், எவ்வளவு தூரம் ஓடினார்கள் என்பதற்கெல்லாம் வேறு பட்டியல்கள் உண்டு. இது இணக்க எண். ஒருத்தி களத்தில் இருந்தால் மற்ற பத்துப் பேரும் எந்த அளவுக்குச் சேர்ந்து ஆடுகிறார்கள் என்று நூற்றுக்கு இத்தனை எனச் சொல்லும் கணக்கு. நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் மாநில அணித் தேர்வு முகாமுக்குப் பெயர் போகாது. 2041-ல் வந்த விதி அது. கடைசி மூன்று ஆட்டங்களை மட்டுமே கணக்கில் எடுப்பதால் யாருக்கும் பழைய பாரம் கிடையாது என்று மாநிலக் கால்பந்துச் சம்மேளனம் அப்போது பெருமையாக அறிவித்திருந்தது.

அந்தப் பருவத்தில் எதிரணியிடமிருந்து அதிகம் பந்து பறித்தவள் யசோதராதான். பறித்தால்தான் அவளுக்குப் பந்து. தானாக வருவது அபூர்வம்.

பயிற்சியாளர் எட்வின் நாகர்கோவில்காரர். அவளைப் பார்த்ததும் தோசையைப் பாதியில் விட்டு எழுந்துகொள்ளப் பார்த்தார். அவள் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் என்னத்த செய்ய மக்ளே? கணக்கு அப்படிச் சொல்லுது. உனக்கும் டீமுக்கும் ஒட்டல."

"எனக்கு டீமோட ஒட்டலீங்களா, டீமுக்கு என்னோட ஒட்டலீங்களா சார்?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"இல்லீங்க சார். ரெண்டும் ஒண்ணு இல்ல."

அவர் கெட்ட மனிதர் அல்ல. பட்டியலைக் கொண்டுவந்து தொங்கவிட்டவரும் அவர் அல்ல. ஆனால் அதற்கு முன்னால் நின்று ஒரு கேள்விகூடக் கேட்காதவர்.

மறுநாள் பயிற்சிக்கு விடுப்பு சொல்லிவிட்டு யசோதரா கோவைக்குப் பேருந்து ஏறினாள். இணக்க எண்ணைக் கண்டுபிடித்தவர் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தார். பெயர் நளாயினி. விளையாட்டுச் சமூகவியல் பேராசிரியர். நான்கு வருடங்களுக்கு முன்னால் கேள்வித்தாளோடு விடுதிக்கு வந்தவர். எந்த ஊர், ஊருக்குள் எந்தத் தெரு, எந்தப் பள்ளி, அம்மா என்ன வேலை, பேருந்தில் யார் பக்கத்தில் உட்காருவாய் என்று எழுபது கேள்விகள். எல்லாவற்றுக்கும் யசோதரா ஒளிக்காமல் பதில் எழுதியிருந்தாள். தெருப் பெயருக்கு எதிரே 'காலனி' என்று கொட்டை எழுத்தில்.

"நீங்கதானுங்களே இந்த நம்பரைக் கண்டுபிடிச்சது?" என்றாள், உட்காரும் முன்பே.

நளாயினிக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "ஆமாம்மா. ஆனா நான் கண்டுபிடிச்சது ஆளுக்கு இல்ல, டீமுக்கு. ஒரு டீம்ல யாரையாவது ஒதுக்குறாங்களான்னு பார்க்கத்தான் அதைச் செஞ்சேன். ஒருத்தி தடுக்க ஆளில்லாம நிக்கிறா, கண்ணுக்குத் தெரியிறா, வழியும் திறந்திருக்கு. இருந்தும் பந்து அவகிட்ட போகலைன்னா, டீமுக்குத்தான் மார்க் குறையணும். பயிற்சியாளரைக் கூப்பிட்டுக் கேட்கணும். அதுதான் யோசனை."

"அப்புறம் எப்படி அது என்ற தலையில வந்துச்சு?"

"சம்மேளனம் வாங்கி ஒரு நிறுவனத்துக்கிட்ட கொடுத்தாங்க. அவங்க அதைத் தலைகீழாத் திருப்பி ஆள் ஆளுக்கு மாட்டிட்டாங்க. எந்த வீட்டுக்குத் தண்ணி வரலைன்னு பார்க்க நான் கருவி செஞ்சேன். அதை வச்சு அவங்க, தண்ணி வராத வீட்டுக்காரங்களை ஊரை விட்டுக் காலி பண்ணச் சொல்றாங்க."

"நீங்க தடுக்கலீங்களா?"

"ஒரு கடிதம் எழுதினேன்."

"ஒண்ணுங்களா?"

நளாயினி கண்ணாடியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். துடைக்க அதில் எதுவும் இல்லை. பிறகு கணினிப் பக்கம் திரும்பினார். "சட்டப்படி உன் பதிவு உனக்குச் சொந்தம். நீ கேட்டா நான் தரணும். கேட்கிறியா?"

"கேக்கறேனுங்க."

இரண்டு தாள்கள் அச்சாகி வந்தன. முதல் தாளை அவள் அங்கேயே படித்தாள். பன்னிரண்டு ஆட்டங்கள். பந்து வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை என்ற தருணங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. யார் தரவில்லை என்பது பெயர் வாரியாக இருந்தது. முதல் பெயர் சம்யுக்தா, எழுபத்தொன்று. அணித் தலைவி. யசோதராவோடு நான்கு வருடங்களாக ஒரே அறையில் இருப்பவள். காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்து ஊட்டிவிட்டவள்.

"இன்னொரு தாளையும் படிச்சிடு" என்றார் நளாயினி.

யசோதராவுக்குக் கண் எரிந்தது. இரண்டாவது தாளைப் படிக்காமலே, இரண்டையும் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மாலை பயிற்சி முடிந்து எல்லோரும் உடை மாற்றும் அறையில் இருந்தபோது அவள் கதவைச் சாத்திவிட்டு முதல் தாளைச் சத்தமாக வாசித்தாள். பெயர், எண். பெயர், எண். வாசித்து முடிக்கும்வரை ஒருத்திகூட ஷூவின் கயிற்றை அவிழ்க்கவில்லை.

"நான் வேணும்னு பண்ணல யசோ" என்றாள் சம்யுக்தா. "உன்கூடத்தான நாலு வருசமா ஒரே ரூம்ல இருக்கறேன்?"

"அதனாலதான் கேக்கறேன்."

"பந்து கால்ல இருக்கறப்ப யோசிக்க ஏதுடி நேரம்? கால் பாட்டுக்குப் போகுது."

"எழுவத்தோரு தடவையும் கால் என்ற பக்கம் மட்டும் வராதா?"

மூலையிலிருந்து ஒருத்தி சொன்னாள்: "காலனிப் பொண்ணுன்னெல்லாம் நாங்க யாரும் பாக்கறதில்லக்கா."

"அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லியே" என்றாள் யசோதரா.

சம்யுக்தாவின் முகம் சிவந்துவிட்டது. அவமானமா கோபமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "கையில இன்னொரு தாள் இருக்குதே. அது என்ன? அதையும் படி" என்றாள்.

யசோதரா பிரித்தாள். அது அவள் மற்றவர்களுக்குத் தராத பந்துகளின் கணக்கு. மேலிருந்து வாசிக்க ஆரம்பித்தவள் முதல் வரியிலேயே நின்றாள். அந்த இடத்தில் தாளை மடித்து வைத்திருக்கலாம். ஒரு கணம் கை அப்படித்தான் போனது. ஆனால் இவ்வளவு பேரையும் உட்கார வைத்துப் பெயர் வாசித்துவிட்டு, தன் முறை வரும்போது மட்டும் எப்படி மடிப்பது?

"லிப்ஸா" என்று படித்தாள். "அறுவத்தி நாலு."

லிப்ஸா வலது ஓரத்தில் ஆடுபவள். ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் மகள். பிறந்தது திருப்பூரில், படித்தது தமிழில். ஆனாலும் விடுதியில் எல்லோருக்கும் அவள் 'இந்திக்காரி'தான். யசோதராவும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

"அறுவத்தி நாலுங்களாக்கா?" என்றாள் லிப்ஸா மெதுவாக. "நான் அறுவதுன்னு நெனச்சேன்."

எண்ணிக்கொண்டே ஆடியிருக்கிறாள். யசோதராவுக்கு வேணும்னு பண்ணல என்ற வார்த்தைதான் முதலில் வாய்க்கு வந்தது. சற்றுமுன் அதையே சம்யுக்தா சொன்னபோது தனக்கு எப்படி எரிந்தது என்று நினைத்துப் பார்த்தாள்.

"தப்புத்தான்" என்றாள் கடைசியில். "சாக்கு ஒண்ணும் இல்ல."

அன்றிலிருந்து அணியின் ஆட்டம் மாறியது. மனம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்கு வெளியே வந்துவிட்டது. பந்து காலில் இருக்கும்போது ஒவ்வொருத்திக்கும் அந்தத் தாள் ஞாபகம் வந்தது. அடுத்த மூன்று ஆட்டங்களில் யசோதராவுக்கு வந்த பந்துகள் அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆட்டங்களில் வந்ததைவிட அதிகம். லிப்ஸா ஓரத்தில் பறந்தாள். மூன்றிலும் வெற்றி. எட்வின் சார் கோட்டுக்கு வெளியே நின்று, "எங்கேருந்துடே வந்துச்சு இது?" என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஆட்டம் முடிந்த மறுநாள் காலை, இட்லித் தட்டோடு பதினெட்டுப் பேரும் திரைக்கு முன்னால் கூடினார்கள்.

யசோதரா, முப்பத்துமூன்று. லிப்ஸா, இருபத்தேழு. சம்யுக்தா, எப்போதும்போல எண்பத்துநான்கு.

"இதெப்படி?" என்றாள் சம்யுக்தா. "நான் ஒருத்தியே உனக்கு எத்தனை பாஸ் போட்டேன்?"

கடைசி மூன்று ஆட்டங்கள் மட்டும்தான் கணக்கு என்றால், அந்த மூன்றில் அவர்கள் ஆடியது எங்கே போனது? எல்லோரும் திரையைப் பார்த்து ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தபோது லிப்ஸா துவைத்து வந்த சிப் பனியன்களை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜெர்சிக்கு உள்ளே போடும் மெல்லிய பனியன் அது. கழுத்துக்குப் பின்னால் அரிசி மணி அளவில் ஒரு சிப். ஓட்டம், திருப்பம், பந்து தொட்டது எல்லாவற்றையும் அதுதான் அனுப்பும். மைதானத்துக் கேமராக்கள் பந்தை மட்டுமே பின்தொடரும். யார் எங்கே என்பது சிப் சொல்வதுதான்.

"எங்கம்மா கம்பெனியில செக்கிங்ல இந்தப் பனியனத்தான் பாக்கறாங்க" என்றாள் லிப்ஸா. "பேரு சிப்புல இருக்குது. உள்ள இருக்கறது யாருன்னு அதுக்கு எப்படிக்கா தெரியும்?"

யசோதரா எழுந்து போய் அடுக்கிலிருந்து தன் பனியனை எடுத்தாள். சம்யுக்தாவுக்கு எதிரே வைத்தாள்.

சம்யுக்தாவுக்குப் புரிந்துவிட்டது. "மெஷின் நெசமாலுமே ஆட்டத்தைத்தான் பாக்குதுன்னா?"

"அப்ப என்ற பேருக்கு உன்ற எண்பத்துநாலு வரும். உன்ற பேருக்கு என்னோடது வரும்."

"முகாம் போயிரும் எனக்கு."

"போகும்" என்றாள் யசோதரா. "போகாதுன்னு நான் பொய் சொல்லமாட்டேன்."

சம்யுக்தா எட்டு வயதிலிருந்து அந்த முகாமுக்காக ஓடுகிறவள். இட்லி ஆறும்வரை பனியனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கொடு" என்றாள்.

மீதி இருந்த மூன்று ஆட்டங்களிலும் பதினொரு பேரும் ஒருத்தி பனியனை இன்னொருத்தி போட்டு ஆடினார்கள். மேலே ஜெர்சி அவரவருடையது. உள்ளே இருப்பது வேறு பெயர். யசோதராவின் பெயரை அணிந்துகொண்டு சம்யுக்தா ஐந்து கோல் அடித்தாள். எட்வின் சாருக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. உடை மாற்றும் அறை வாசலில் நின்று, "நான் ஒண்ணையும் பார்க்கல" என்றார். அதுவரை அவர் செய்த ஒரே உதவி அதுதான்.

பட்டியல் வந்தது.

யசோதரா, முப்பத்துநான்கு. சம்யுக்தா, எண்பத்தைந்து. லிப்ஸாவின் பெயரைச் சுமந்து ஆடிய கோபிசெட்டிபாளையத்துப் பெண்ணுக்கு இருபத்தெட்டு.

அப்பட்டியலோடு யசோதரா மறுபடியும் கோவைக்குப் போனாள். இந்தத் தடவை லிப்ஸாவும் கூட வந்தாள். நளாயினி எண்களைப் பார்த்தார், யார் யார் பனியன் போட்டார்கள் என்று யசோதரா கைப்பட எழுதிய பக்கத்தைப் பார்த்தார், மறுபடி எண்களைப் பார்த்தார்.

"ஆளை மாத்திட்டு, பேரை மட்டும் அப்படியே விட்டுப் பார்க்கிறது" என்றார். "வேலைக்கு விண்ணப்பம் போடுறதுல எங்க துறையில ரொம்ப காலமா இந்தச் சோதனை உண்டு. ஒரே படிப்பு, ஒரே மார்க், ரெண்டு பேரு. எந்தப் பேருக்கு அழைப்பு வருதுன்னு பார்ப்பாங்க. இந்த மெஷின்ல இதைச் செய்ய அனுமதி கேட்டு மூணு வருஷமா விண்ணப்பிச்சுக்கிட்டு இருக்கேன்."

"நாங்க யாரையும் கேக்கலீங்க" என்றாள் யசோதரா. "மெஷின் எதைப் பாக்குது அப்ப?"

நளாயினி தாளைக் கீழே வைத்தார். "ஒரு ஆட்டத்துல ஒருத்திக்கு வர்ற பந்து இருபதோ முப்பதோதான். அதை மட்டும் வச்சு உறுதியாச் சொல்ல முடியாது. அதனால இப்படிப்பட்ட ஆளுங்க வழக்கமா எப்படி ஆடுவாங்கன்னு ஒரு அனுமானத்தையும் சேர்த்துக்கும். 'இப்படிப்பட்ட ஆளுங்க' யாருன்னு தெரிஞ்சுக்க, அவங்ககிட்ட இருந்தது..."

"உங்க கேள்வித்தாள்."

"ஆமாம். எந்தத் தெரு, எந்தப் பள்ளி, அம்மா என்ன வேலை. ஒதுக்குறாங்கன்னு நிரூபிக்கத்தான் நான் அதைக் கேட்டேன். அந்த அனுமானம் ஆட்டத்தையே ஓரங்கட்டிட்டு, தெருவுக்குத்தான் மார்க் போட்டிருக்கு."

லிப்ஸா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப நான் எப்படி ஆடினாலும் இருவத்தெட்டுதானுங்களா மேடம்?"

நளாயினி அவளை நேராகப் பார்க்கச் சிரமப்பட்டார்.

"இந்தத் தடவை ஒரு கடிதம் பத்தாதுங்க" என்றாள் யசோதரா.

சம்மேளனத்துக்குப் போன மனுவில் மூன்று ஆட்டங்களும், யார் யார் பனியன் போட்டார்கள் என்பதும் தேதி வாரியாக இருந்தன. கடைசியில் நளாயினியின் கையெழுத்தும் விளக்கமும். எல்லோர் பெயரையும் எழுதியாக வேண்டும். குறிப்பாகச் சம்யுக்தாவின் பெயரை. முகாமுக்கான அழைப்பு அன்று காலைதான் அவளுக்கு வந்திருந்தது.

"என்ற பேரு இல்லாம அனுப்ப முடியாதா யசோ?"

"முடியாது. நீ கையெழுத்துப் போட வேண்டாம். ஆனா பேரு வரும்."

சம்யுக்தா கையெழுத்துப் போடவில்லை. இரண்டு வாரம் யசோதராவோடு பேசவும் இல்லை. ஒரே அறையில், விளக்கை அணைப்பதா வேண்டாமா என்றுகூடக் கேட்டுக்கொள்ளாமல் இருந்தார்கள்.

விசாரணை சென்னையில் நடந்தது. நீளமான மேசை, குளிர்பதன அறை. சம்மேளனத்தின் தொழில்நுட்பக் குழுத் தலைவர் கோபிநாத் மரியாதையாகத்தான் பேசினார். தடை விதிப்பார்கள், ஒரு பருவம் ஆட முடியாது, அதற்கும் தயார் என்று நினைத்துத்தான் யசோதரா போயிருந்தாள். அவர் சொன்னது வேறு.

"பனியனை மாத்திப் போட்டதா நீங்க சொல்றீங்க. அப்படி மாத்தியிருந்தா சிஸ்டம் கண்டுபிடிச்சிருக்கும். எண்கள்ல பெரிய வித்தியாசம் வந்திருக்கும். வரலை. ஆகவே நீங்க மாத்திப் போடலை. இது பொய்ப் புகார். சின்ன வயசு, நாங்க நடவடிக்கை எடுக்கப்போறதில்ல. கிளம்பலாம்."

யசோதராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவில்லை. "சார், வித்தியாசம் வரலைங்கறதுதானுங்க எங்க புகாரே."

"அதான் சொல்றேனே. வரலை. முடிஞ்சுது."

"நாங்க மாத்தலைன்னு நீங்க சொல்றதுக்குச் சாட்சி மெஷின். மெஷின் சரின்னு சொல்றதுக்குச் சாட்சி நாங்க மாத்தலைங்கறது. அப்படித்தானுங்களே?"

கோபிநாத் கோப்பை மூடினார். அப்போதுதான் கதவு திறந்தது. காலை ரயிலில் தனியாக வந்திருந்தாள் சம்யுக்தா. அணியின் சட்டையைப் போட்டிருந்தாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"அந்த முப்பத்திநாலு நான்தானுங்க சார்" என்றாள். "மூணு ஆட்டத்துல அஞ்சு கோல் அடிச்சேன். மேல என்ற ஜெர்சி, உள்ள இவ பனியன். நீங்க முகாமுக்குக் கூப்புட்டிருக்கற எண்பத்தஞ்சு இவ. அழைப்புக் கடுதாசியை இவகிட்டவே குடுத்துடறேன்."

நிஜமாகவே கொடுத்தாள். கைப்பையிலிருந்து எடுத்து யசோதராவின் மடியில் வைத்தாள். யசோதரா அதைத் தொடவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை.

புகார் தள்ளுபடியானது. சம்யுக்தா முகாமுக்குப் போகவில்லை. அந்த வருட மாநில அணியில் நொய்யல் அணியிலிருந்து ஒருத்திகூட இல்லை. திரும்பும் ரயிலில் சம்யுக்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அரக்கோணம்வரை அழுதாள். யசோதரா பக்கத்தில் இருந்தாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. போனது போனதுதான், அதற்கு வேறு பெயர் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஆனால் செய்தி பரவிவிட்டது. கோபிநாத்தின் தீர்ப்பை மற்ற அணிகளில் இருந்த பெண்கள் வேறு விதமாகப் படித்தார்கள். மாற்றிப் போட்டாலும் மெஷினுக்குத் தெரியாது, மாற்றிப் போட்டேன் என்று சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள், தண்டனையும் கிடையாது. அடுத்த பருவத்தில் கடலூர் அணி மாற்றிப் போட்டது. பிறகு திண்டுக்கல், பிறகு வடசென்னை. ஒவ்வோர் அணியும் யார் போட்ட பனியன் என்று தேதி வாரியாக எழுதிச் சம்மேளனத்துக்குத் தபாலில் அனுப்பியது. எண்கள் மட்டும் அசையவே இல்லை. அந்தந்தத் தெருவிலேயே உட்கார்ந்திருந்தன.

பருவம் பாதி முடிந்தபோது சுற்றறிக்கை வந்தது. 'பனியனை அணிந்திருப்பவர் யார் என்பதைக் கருவியால் தனித்து அறிய இயலாது என்பதால், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு பெண் அலுவலர் ஒருவர் நேரில் சரிபார்ப்பார்.'

யசோதரா அதை மைதானத்து ஓரத்தில் நின்று இரண்டு தடவை படித்தாள். நளாயினியைக் கூப்பிட்டாள்.

"மேடம், உள்ள இருக்கற ஆளு யாருன்னு மெஷினுக்குத் தெரியாதுன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க."

வழக்கு மனு அந்த வாரமே உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஏழு அணிகள், நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள். சம்யுக்தாவின் கையெழுத்து இந்தத் தடவை இருந்தது. கேள்வித்தாளைச் சம்மேளனத்துக்குக் கொடுத்தது தன் தவறு என்று நளாயினி தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். பல்கலைக்கழகத்தில் அதற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

மனு போவதற்கு முந்தின நாள், அதில் சாட்சியாக எட்வின் சாரின் கையெழுத்தை வாங்கப் போனாள் யசோதரா. அவர் பேனாவை மூடியோடு பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"இதுல நம்ம ஜெயிப்போமா மக்ளே?"

"தெரியாதுங்க சார். ஆனா இத்தனை நாளா ஏன் ஒட்டலைன்னு நாங்கதான் பதில் சொல்லிட்டு இருந்தோம்" என்றாள் அவள். "இனிமே அவங்க சொல்லோணும்."

அவர் மூடியைக் கழற்றினார்.